வழிப்பயணத்தில் ஒரு தாங்கித் தண்ணீர்

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது எம்மூரவர் அடிக்கடி சொல்லும் பழமொழி. இதனைச் சிறுவயது முதலே கேட்டு வந்தவர்கள் நாம். ஆயினும், அறுபது வயதைக் கடந்த பின்னர், ஒரு மோட்டார் வண்டியின் அடியிலே பொருத்தப்பட்டிருந்த பிளாஸ்ரிக் தாங்கியின் முன் நின்றுதான் அதன் பொருளை உணர நேர்ந்தது.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம், கனடாவிலே வாழும் எம் சகோதரியின் மகன் மனைவி மக்களுடன் விடுமுறைக்கு வந்திருந்தான். அந்நாட்டிலே கோடை பிறந்துவிட்டால் குடும்பம் குடும்பமாக வீட்டு வண்டிகளில் ஏறிக் காட்டோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் சென்று தங்குவார்கள். அவ்வண்டிகளுக்குள்ளே படுக்கை, அடுப்பு, கழுவுதொட்டி, குளிக்கும் இடம் யாவும் உண்டு. தங்குமிடத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதிலே வண்டியின் குழாயைப் பொருத்திவிட்டால் போதும். குழாயில்லாத காட்டிலே தங்குவதாயின், வண்டியின் தாங்கியில் உள்ள தண்ணீரே தண்ணீர். அது முடிந்தால் எங்கேனும் சென்று நிரப்பி வருதல் வேண்டும்.

கொழும்பிலுள்ள நண்பர் ஒருவர் ஒரு பழைய வானை இவ்வாறு செப்பனிட்டு வைத்திருந்தார். அதனை இரவல் வாங்கிக்கொண்டு எம் மருமகன் கோப்பாயிலுள்ள எமது வீட்டு வாசலில் வந்து இறங்கினான். 120 லீற்றர் கொள்ளும் தாங்கி, பற்றரியில் இயங்கும் சிறு நீர்ப்பம்பி, நீண்டதொரு குழாய் ஆகியவற்றை எமக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான். "நாலு நாள் குடாநாட்டைச் சுற்றிவருவோம், மாமா. மாமிக்கும் சமையலறையிலிருந்து விடுதலை. தண்ணீர் முடிந்தால் வழியில் ஏதாவது ஒரு கிணற்றில் பம்பியைப் போட்டுப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம்" என்றான். நாமும் மறுக்கவில்லை. கிணறு இல்லாத வளவு யாழ்ப்பாணத்தில் ஏது என்று எண்ணினோம். எம் வீட்டு நல்ல தண்ணீர்க் கிணற்றிலேயே தாங்கியை நிரப்பிக்கொண்டு ஆறு பேரும் புறப்பட்டோம்.

வழியில் முதலிலே புத்தூரை அடுத்த நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றடியில் வண்டியை நிறுத்தினோம். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய நீர்நிலை என்று அதனைப் பற்றிக் கதை வழங்குகிறது. அயர்லாந்தில் பிறந்தவரான எமர்சன் தெனன்ட் 1859ஆம் ஆண்டில் வெளியான தமது இலங்கை பற்றிய நூலிலே இக்கிணற்றை விரித்து எழுதியிருக்கிறார். மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதே இதன் புதுமை. "இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, இங்கேயே நிரப்பலாமே!" என்றாள் பேர்த்தி. தாங்கி நிறைந்திருந்தமையால் நாம் சிரித்துவிட்டு மேலே நடந்தோம்.

உண்மையில் நிலாவரையில் கண்ணுக்குத் தெரிவதே எம் குடாநாடு முழுவதற்கும் பொருந்தும். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கித் தங்குகிறது. நாற்புறமும் கடலாதலின், அக்கல்லின் அடியிலே உவர்நீர் நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்ததாகையால் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் கைபனும், 1901ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் இதற்கொரு கணக்கைக் கண்டார்கள். கடல் மட்டத்திற்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் உண்டு என்பதே அது. கேட்பதற்கு மகிழ்ச்சியான கணக்குத்தான். ஆனால் அதனைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். மேலே ஓரடி குறையுமாயின், காலப்போக்கில் கீழிருந்து நாற்பதடி உவர் ஏறிவர இடமுண்டு. விரைந்து இறைக்கும்போதோ, இறைக்கும் இடத்திற்கு நேர் கீழே உவர்நீர் கூம்புபோல எழும்பிவிடுகிறது.

பருத்தித்துறையைக் கடந்து மணற்காட்டை அடைந்தபோது நண்பகலாகிவிட்டது. சவுக்கமரங்களின் நிழலிலே, ஊரவரிடம் கேட்டு, வண்டியை நிறுத்தினோம். மணலிலே பாதி புதைந்து கிடக்கும் பழைய தேவாலயத்தைப் பிள்ளைகள் வியந்து பார்த்தார்கள். பின்னர் கடலில் இறங்கினார்கள், ஏறினார்கள், வண்டியின் குழாயில் உப்பு நீங்கக் குளித்தார்கள், மீண்டும் கடலில் இறங்கினார்கள். நாம் சோறு சமைத்துப் பாத்திரங்களை வீட்டிலே கழுவுவதுபோல ஓடுகின்ற நீரில் கழுவினோம். மாலை ஆறு மணிக்குக் குழாய் இருமியது; பின் நின்றது. ஆளுக்கு 20 லீற்றர் வீதம் கொண்டுவந்த தண்ணீர் அரைநாளில் முடிந்துபோயிற்று.

அருகே ஒரு மீனவர் வீட்டில் மணற்கிணறு ஒன்று இருந்தது. ஆழம் குறைந்த, தெளிந்த கிணறு. மருமகன் பம்பியுடன் செல்ல, வீட்டுக்காரர் அதைக் கண்டு தலையசைத்தார். "பம்பி போடாதேங்கோ, தம்பி. வாளியாலை எவ்வளவும் அள்ளுங்கோ" என்றார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அவ்வூரை அழித்ததையும், கிணறுகள் உப்பாகிப் போனதையும் சொன்னார். அதன் பின்னர் இலங்கையின் கிழக்குக் கரையெங்கும் உப்பேறிய கிணறுகளைத் தூய்மையாக்க எண்ணிப் பலர் மீண்டும் மீண்டும் இயந்திரத்தால் இறைத்தனர். இறைக்க இறைக்க உவரே ஊறியது. கிணறுகள் பழைய நிலைக்குத் திரும்ப மழைகள் பல தேவைப்பட்டன.

தாங்கியை நிரப்ப ஆறு கான்கள் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றும் 20 லீற்றர். எனவே 20 கிலோகிராம். மணலிலே கால் புதையப் புதைய ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, வெள்ளைத் துணியை நான்காக மடித்துத் தாங்கி வாயில் கட்டி வடித்து ஊற்றினோம். முடிய இருட்டிவிட்டது. தூக்கியவனுக்கே தண்ணீரின் நிறை தெரியும் என்பார்கள். அன்றிரவு பேரன் பல் துலக்குவதற்கு ஒரு குவளை நீரே எடுத்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் முதல் வண்டியிலே ஒரு சட்டம் வகுத்தோம். குடிப்பதற்கு ஒரு கான் தனியே வைக்கப்பட்டது. அதில் வேறு எதற்கும் கை வைப்பதில்லை. கடலில் எத்தனைமுறை குளித்தாலும் நன்னீர் மாலையில் ஆளுக்கு ஒரு வாளி மட்டுமே. பாத்திரங்களை முதலிலே சாம்பலும் பொச்சும் கொண்டு தேய்த்து, ஒரு சருவத்து நீரில் அலசி, மறு சருவத்து நீரில் கழுவினோம். அரிசி கழுவிய நீர் முதல் அலசலுக்குப் போயிற்று. முதல்நாள் அரைநாளில் ஒழிந்த அதே 120 லீற்றர், இம்முறை ஒன்றரை நாள் சென்ற பின்னும் பாதி மிஞ்சியிருந்தது. எமது சிக்கனத்தைக் குறித்து எமக்கே ஒரு பெருமிதம் உண்டாயிற்று. அப்பெருமிதமே அடுத்த தவற்றுக்குக் காரணமாயிற்று.

மூன்றாம் நாள் தீவகம் நோக்கிச் சென்றோம். மறுநாட்காலை குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு அம்மனைத் தரிசிப்பது எமது எண்ணம். பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணையை அடைந்ததும், சாட்டியில் நல்ல தண்ணீர் கிடைக்கும், நிரப்பிக்கொண்டு போகலாம் என்று எம்மிருவரில் ஒருவர் சொன்னோம். பாதித் தாங்கி இருக்கிறதே, புங்குடுதீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று மற்றவர் சொன்னோம். எதை யார் சொன்னது என்பது எம் வீட்டில் இன்றும் தீராத வழக்கு. வண்டி நிற்காமலே சென்றது.

புங்குடுதீவில் கடலோரமாகத் தங்கிச் சமைத்து முடித்தபோது தாங்கி வறண்டுவிட்டது. சுற்றிலும் கிணறுகள் இருந்தன. மருமகன் ஒன்றில் அள்ளி வந்த நீரைப் பேர்த்தி வாயில் வைத்த மாத்திரத்தில் துப்பினாள். உவர். அப்போதுதான் ஒழுங்கை முகப்பில், கல் அடுக்கிய மேடையொன்றின்மேல், குழாய் பொருத்திய கரிய பிளாஸ்ரிக் தாங்கியொன்று எம் கண்ணிற் பட்டது. ஆயிரம் லீற்றர் கொள்ளும். பொதுத் தாங்கி, கேட்பாரில்லை என்று நினைத்தோம். குழாயைப் பொருத்திப் பம்பியை முடுக்கினான். நாமும் அருகே நின்றுகொண்டிருந்தோம்.

ஏறத்தாழ 40 லீற்றர் ஏறியிருக்கும். வேலிப்படலையைத் திறந்துகொண்டு ஒரு முதியவள் வந்தாள்.

"ஆரப்பு நீங்கள்? எங்கையிருந்து வாறியள்?"

நாம் சொன்னோம். அவள் குழாயையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "உது பவுசர் ஊத்திப்போட்டுப் போற தண்ணி, மோனை. இந்த ஒழுங்கையிலை பதினொரு குடும்பம். இனி நாளையிண்டைக்குத்தான் பவுசர் வரும். குடிக்கிறதுக்கு எண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

அவள் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் எமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். ஆயிரம் லீற்றரைப் பதினொரு குடும்பத்துக்கும் இரண்டு நாளுக்கும் பங்கிட்டால், ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 45 லீற்றர் வரும். நாம் நின்ற நிலையிலே ஏதோ ஒரு வீட்டின் ஒருநாள் தண்ணீரை எம் வண்டிக்குள் ஏற்றியிருந்தோம். "திருப்பி ஊற்றிவிடுகிறோம், ஆச்சி" என்றான் மருமகன். "வேண்டாம், தம்பி. வண்டிக்குள்ளை போன தண்ணியைக் குடிதண்ணிக்குள்ளை விடக்கூடாது" என்றாள். அதுவும் நியாயமே. நாம் செய்ததை மீட்டெடுக்க வழியில்லை. அவள் உள்ளே சென்று தன் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து பேர்த்தியின் கையிற் கொடுத்தாள்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு மனத்தில் எழுந்தது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து, கொட்டும் மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்நாளில், நாமும் கைக்குழந்தையும் ஒரு தண்ணீர்க் கானுமாக நடந்தவர்களே. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர் என்பர். தென்மராட்சியில், மீசாலையிலே ஒரு வீட்டு வளவில், பன்னிரண்டு குடும்பங்கள் ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கினோம். அவ்வீட்டு அம்மையார் எம்மை மனமார ஏற்றார். ஆனால் கிணற்றில் மட்டும் அவர் கண்டிப்பு மாறாது. காலையில் குடும்பத்துக்கு நாலு வாளி. மாலையில் நாலு வாளி. மண்ணெண்ணெய் கொண்டு பம்பி இறைக்க முன்வந்தவர்களையும் அவர் விடவில்லை. பின்னே நின்று அவரைக் கருமி என்று சொன்னவர்களுள் நாமும் இருந்தோம்.

அடுத்த வளவிலே கட்டுப்பாடு இல்லை. இரவு பகலாக அள்ளினார்கள், இறைத்தார்கள். 1996 பங்குனி வெயிலிலே அக்கிணறு உவராயிற்று. அவ்வளவிலிருந்தவர்களும் வாளியோடு அம்மையாரிடம் வந்தார்கள். அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. நாலு வாளி மூன்றாகியது, அவ்வளவே. சித்திரையில் நாம் வீடு திரும்பும் நாளிலும் அக்கிணற்று நீர் இனித்தது. நன்றி சொல்லிப் புறப்பட்டோம். கருமி என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் அளந்து தந்தது தமது தண்ணீரைக் காக்க அன்று, எமது தண்ணீரைக் காக்க என்பது, புங்குடுதீவில் அந்தச் செம்பைக் கண்ட இரவிலே எமக்கு முழுதாக விளங்கிற்று.

வேறொன்றும் எம்மை உறுத்தியது. "ஆரப்பு நீங்கள்?" என்று அம்முதியவள் அன்போடு கேட்டாள். இதே கேள்வியை வேறொரு கருத்திலே கேட்ட கிணற்றடிகள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. சாதியின் பெயரால் கிணற்றிலே கைவைக்க விடாது தடுக்கப்பட்டவர்கள், யாரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்து நின்றார்கள். இத்தகைய தடைகளைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிற்று. வழக்கம் அதன்பின்னும் நெடுங்காலம் நின்றது. எம் முன்னோரும் அக்கேள்வியைக் கேட்டவர்களே. ஒரு செம்பு நீரைக் கேளாமல் எடுத்த எமக்கு அவள் கொடுத்தாள். கேட்டும் பெறாதவர் எத்தனை பேர்! தண்ணீரைப் பழிப்பது என்பது அதனைத் துப்புவது மட்டும் அன்று.

விடிந்ததும் அம்மனிடம் செல்லுமுன் சாட்டிக்குத் திரும்பினோம். அங்கே ஒரு கிணற்றுக்குரியவரிடம் முறையாகக் கேட்டு, வாளியால் அள்ளி, புதிதாக வாங்கிய நான்கு கான்களில் நிரப்பிக்கொண்டு வந்து முதியவளின் முற்றத்தில் வைத்தோம். கடன் தீர்ந்தது என்ற எண்ணம் எமக்கு. அவள் இரண்டைத் தன் படலையடியில் வைத்துப் பக்கத்து வீட்டாரை அழைத்தாள். மற்ற இரண்டையும் காட்டி, "கடைசி வீட்டிலை பிள்ளைப்பெத்தவள் இருக்கிறாள், அங்கை கொண்டுபோய்க் குடுத்துவிட்டுப் போங்கோ" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இவ்வாறு பயணம் செய்ய விரும்பும் குடும்பங்களுக்கு நாம் கற்றவற்றைச் சொல்லுதல் முறையாகும். குடாநாட்டிலே தாங்கி பாதியாகும்போதே நல்ல தண்ணீர் உள்ள ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். தீவுக்குள் சென்ற பின் தேடாதீர்கள். நிரப்புமுன் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கேட்டு எடுங்கள், இயந்திரம் வேண்டாம், வாளியால் அள்ளுங்கள். குடிக்கும் நீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றுங்கள். ஆனால் கொதிக்கவைப்பதால் கிருமிகள் மட்டுமே சாகும். தோட்டத்துக்கு இட்ட உரத்தால் கிணற்றில் சேரும் நைத்திரேற்றும் உப்பும் அதனால் நீங்கா. நீர் வற்றுவதால் சற்றுச் செறியவும் செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக்குழந்தைகளுக்கே அதனால் தீங்கு மிகுதி. எண்ணெய் மணமோ மினுக்கமோ உள்ள நீரை எதற்கும் எடுக்காதீர்கள். சுன்னாகப் பகுதியில் கிணறுகளிலே கழிவெண்ணெய் கலந்து, மக்கள் வீதியோரத் தாங்கிகளை நம்பி வாழ நேர்ந்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீதியோரத் தாங்கியைக் கண்டால், அது ஒருவருடைய வீட்டுக் குடம் என்றே எண்ணுங்கள்.

இனி இக்கவலை குறையலாம் என்பாரும் உளர். வடமராட்சி கிழக்கில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்ட் மாதம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்லது அது. பெரும் பேறுதான். ஆயினும் குழாய் வழியே வருவதும் எங்கோ ஒருவர் அளந்து அனுப்புவதே.

பயணம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். வானைத் திருப்பிக் கொடுக்குமுன் அதனைக் கழுவவேண்டும் என்று மருமகன் எம் கிணற்றடிக்குப் பம்பியைக் கொண்டுவந்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான். பின் பம்பியை வைத்துவிட்டு வாளியை எடுத்தான். பேர்த்தி அதற்கு முன்பே கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தமிழ் அரைகுறையானது. எம்மைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் கேட்டாள்.

"அள்ளலாமோ?"